சங்கிலியும் சாவியும்: விம்போர்னில் ஒரு குருவானவரின் நூல்கள்

இங்கிலாந்தின் தெற்கே, டார்செட் பகுதியில், விம்போர்ன் என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்குள்ள மின்ஸ்டர் ஆலயத்தில் குறுகலான சுழல் படிக்கட்டு ஒன்றில் ஏறினால், குருக்கள் வழிபாட்டு உடை அணியும் அறையான வெஸ்ட்ரிக்கு மேலே இருக்கும் ஓர் அறைக்குப் போய்ச் சேரலாம். அந்த அறையில் புத்தகங்கள் திரும்பி நிற்கின்றன. அவற்றின் முதுகு சுவரைப் பார்த்திருக்கிறது. தாள் விரியும் ஓரம் நம்மைப் பார்த்திருக்கிறது. பல நூல்களின் அட்டை ஓரத்திலிருந்து இரும்புச் சங்கிலி தொங்குகிறது. வில்லியம் ஸ்டோன் என்ற குருவானவர் விட்டுச்சென்ற நூல்களைக் கொண்டு 1686இல் தொடங்கிய நூலகம் இது. சங்கிலி பூட்டிய நூலகங்களில், ஹெரிபோர்ட் பேராலய நூலகத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரியது என்று இதைச் சொல்கிறார்கள்.

ஒரு குருவானவரின் சொந்தப் புத்தகங்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ்க் கலையாமல் இருப்பது எளிதில் நடக்கிற காரியமில்லை. அவர் கண்ணை மூடியதும் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குடியிருந்த குருமனை அடுத்து வருபவருக்கு உரியது. மனைவி மக்கள் சில வாரங்களில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பெரிய பெரிய லத்தீன் நூல்கள் அவர்கள் கண்ணுக்கு வண்டிச் சுமையாகத்தான் தெரியும். ஒரு புத்தக வியாபாரி வந்து மொத்தமாக விலை பேசுவார். ஐம்பது ஆண்டுகள் ஒருவர் தேடித்தேடிச் சேர்த்தது ஒரு பிற்பகலில் திசைக்கொன்றாகப் பிரிந்துபோகும்.

முன்யோசனை உள்ளவர்கள் தங்கள் நூல்களைப் பங்குக்கு, அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த ஊர்ச் சமூகத்துக்கு, எழுதிவைத்தார்கள். அப்படி எழுதிவைத்தவை எல்லாமும் தப்பவில்லை. சில தப்பின, சில அழிந்தன. வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப ஒரே கேள்வியிடம்தான் வந்து நிற்கிறேன்: கொடுத்தவர் சாவியை யார் கையில் கொடுத்தார்?

அறை

விம்போர்னில் புத்தகங்களுக்கு முன்பே அறை இருந்தது. கத்பர்கா என்ற அரச குடும்பத்துப் பெண் துறவி 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே துறவு மடம் ஒன்றை நிறுவினார். இப்போதைய ஆலயம் அதற்குப் பின் பல காலங்களில் எழுந்தது. நூலகம் இருக்கும் மேலறை 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. ஆலயத்தின் பொன், வெள்ளிப் பாத்திரங்களையும் புனிதர்களின் திருப்பண்டங்களையும் வைத்துப் பூட்டுவதற்கான கருவூலம் அது. எட்டாம் ஹென்றியின் காலத்தில் அந்தச் செல்வம் பறிபோனது. 1547இல் ஆலயத்தை நடத்திவந்த குருக்கள் குழுவும் கலைக்கப்பட்டது. வலுவான சுவர், ஒரே ஒரு படிக்கட்டு, உள்ளே வைக்க எதுவுமில்லை என்ற நிலையில் அறை காலியாக நின்றது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 1563இல் முதலாம் எலிசபெத் அரசி வழங்கிய சாசனத்தின்படி, ஆலயத்தையும் இலக்கணப் பள்ளியையும் கவனிக்கப் பன்னிரண்டு ஆளுநர்கள் கொண்ட குழு அமைந்தது. அவர்கள் ஊர்க்காரர்கள். குருவானவர்கள் வருவார்கள், போவார்கள். இந்தக் குழுவில் ஒருவர் இறந்தால் இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவார், குழு அப்படியே இருக்கும். ஸ்டோனின் நூல்கள் வந்து சேர்ந்தபோது அவற்றை ஏற்றுக்கொள்ளத் தரையின் ஈரம் எட்டாத ஓர் அறையும், சாகாத ஒரு குழுவும் தயாராக இருந்தன. விம்போர்னின் நல்லூழ் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

கொடுத்த இருவர்

ஸ்டோன் விம்போர்னோடு நெடுங்காலத் தொடர்புடையவர்; அந்த ஆலயத்தில் குருவாகவும் இருந்தவர். பிறகு ஆக்ஸ்போர்டில் நியூ இன் ஹால் என்ற கல்விக்கூடத்தின் தலைவராக இருந்தார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஆக்ஸ்போர்டில் ஏழைகளுக்கான இல்லம் ஒன்று 1700இல் கட்டப்பட்டது. பணத்தை வாழ்ந்த ஊருக்கும், புத்தகங்களைப் பழைய ஊருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஆக்ஸ்போர்டில் புத்தகத்துக்குப் பஞ்சம் இல்லை, விம்போர்னில் இருந்தது. கொடுப்பவர்கள் பலர் இந்த எளிய கணக்கைப் போடத் தவறிவிடுகிறார்கள்.

அவருடைய நூல்களில் பெரும்பங்கு ஆதித் திருச்சபைத் தந்தையரின் எழுத்துகளும் இறையியலும். பிரசங்கம் எழுதுகிறவருக்கும், பள்ளியில் லத்தீன் கற்பிக்கிறவருக்கும் பயன்படும். சந்தைக்கு வந்தவர் எடுத்துப் புரட்டக்கூடியவை இல்லை. அவை குருவுக்கான நூலகமாகவே நின்றிருக்கலாம்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து ரோஜர் கில்லிங்ஹாம் வந்தார். இவர் குரு அல்லர். லண்டனின் மிடில் டெம்பிள் என்ற வழக்கறிஞர் சங்கத்தைச் சேர்ந்தவர். 1695இல் அவர் தொண்ணூறு நூல்களைக் கொடுத்தார். கூடவே இரண்டு நிபந்தனைகள் வைத்தார். நூல்களைச் சங்கிலியால் பிணைக்க வேண்டும். ஊரின் கடைக்காரர்களும் ஓரளவு வசதியான பிற மக்களும் உள்ளே வந்து படிக்க வழி விட வேண்டும்.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். சங்கிலியைப் பார்க்கிற இன்றைய கண்ணுக்கு அது அறிவைச் சிறைவைத்ததுபோலத் தெரிகிறது. அது தவறான பார்வை என்பது என் உறுதியான எண்ணம். ஸ்டோன் தன் வீட்டில் படித்த நாள்களில் அந்த நூல்களுக்குச் சங்கிலி தேவைப்படவில்லை. ஒருவர் மட்டுமே நுழையும் அறைக்கு ஒரு பூட்டு போதும். முன்பின் தெரியாத பலர் வந்து போகப் போகிறார்கள் என்னும்போதுதான் நூல் ஒவ்வொன்றுக்கும் தனிக் காவல் வேண்டியிருக்கிறது. அந்த அறையில் சங்கிலியும் திறந்த கதவும் ஒரே நாளில், ஒரே மனிதரின் சொல்லால் வந்தன. ஏழைகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் 1695இல் கடைக்காரருக்கு ஓர் இருக்கை என்பது பெரிய அடி.

சங்கிலி வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட்டால் அலமாரி ஏன் திரும்பி நிற்கிறது என்பது விளங்கிவிடும். சங்கிலியின் ஒரு முனை அட்டையின் முன்னோரத்தில் உலோகப் பட்டியால் பொருத்தப்படுகிறது. மறுமுனையில் ஒரு வளையம். தட்டின் நீளத்துக்கு ஓடும் இரும்புக் கம்பியில் அந்த வளையம் கோக்கப்பட்டிருக்கும். கம்பியின் கோடியில் பூட்டு. படிக்கிறவர் நூலை எடுத்துச் சாய்மேசையில் விரிக்கும்போது வளையம் கம்பியில் நகர்ந்து இடம் கொடுக்கும். முதுகு வெளியே தெரியும்படி வைத்தால் சங்கிலி நூலைச் சுற்றிக்கொண்டு சிக்கும். பக்கத்து நூல்களையும் இழுக்கும். முன்னோரம் வெளியே இருந்தால் சங்கிலி நேராகத் தொங்கும். ஒரு புதிய நூலைச் சேர்க்க வேண்டுமென்றால் பூட்டைத் திறந்து, கம்பியை உருவி, வளையங்களைக் கழற்றி, மறுபடி வரிசையாகக் கோக்க வேண்டும். ஆகவே புது நூல் வாங்குவதே ஒரு சுமையாகிவிடும். இரும்பு துருப்பிடித்துத் தோலைக் கறையாக்கும். அதன் கனம் அட்டையை இழுத்துப் பிய்க்கும். திருடனிடமிருந்து காத்த அதே பொருள் நூலை மெல்ல மெல்லத் தின்றது. இதனால்தான் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகம் 1757இல் சங்கிலிகளைக் கழற்றத் தொடங்கியது. விம்போர்ன் போன்ற சிறு ஊரில் அப்படிக் கழற்ற யாருக்கும் அவசரம் ஏற்படவில்லை.

அறையின் மிகப் பழைய நூல் 1343ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு தோல் சுவடி; ஆன்மாக்களை வழிநடத்துவது எப்படி என்று குருக்களுக்குச் சொல்லும் லத்தீன் கையேடு. பிரையன் வால்டன் பதிப்பித்த பன்மொழி விவிலியத்தின் தொகுதிகளும் அங்கே இருக்கின்றன. 1650களில் வெளிவந்த அந்தப் பதிப்பில் எபிரேயம், கிரேக்கம், லத்தீன், அரமேயம், சமாரியம், சிரியாக், அரபு, எத்தியோப்பியம், பாரசீகம் என ஒன்பது மொழிகள் இடம்பெற்றன. காகிதத்துக்கு வரி இல்லாமல் இறக்குமதி செய்துகொள்ள, மன்னர் இல்லாத அந்நாளில் நாட்டை ஆண்ட கிராம்வெல்லின் ஆட்சி அனுமதித்ததற்காக முன்னுரையில் அவருக்கு நன்றி சொல்லப்பட்டது. மன்னராட்சி திரும்பியதும் அந்தப் பக்கம் மாற்றப்பட்டு, நன்றி வேறு திசைக்குப் போனது. ஒரு நாட்டின் அரசியல் கொந்தளிப்பு ஒரு முன்னுரையின் தாளில் பதிந்து கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் இப்படிப்பட்ட அறைகளுக்குத்தான் போக வேண்டும்.

நூற்று நான்கு பக்க ஓட்டை

விம்போர்ன் நூலகத்தைப் பற்றி ஊரார் சொல்லும் கதை ஒன்று உண்டு. லண்டன் கோபுரத்தில் சிறையிருந்தபோது வால்டர் ராலே எழுதிய உலக வரலாறு 1614இல் வெளிவந்தது. அதன் ஒரு பிரதி இங்கே இருக்கிறது. அதில் 104 பக்கங்களை ஊடுருவி ஒரு தீய்ந்த ஓட்டை. இந்த ஊரில் பிறந்தவராகச் சொல்லப்படும் கவிஞர் மேத்யூ பிரையர் இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துக்கொண்டே தூங்கிப்போனார் என்றும், சுடர் பட்டுப் பக்கங்கள் கருகின என்றும் சொல்வார்கள்.

நூலகத்தின் தேதியே இந்தக் கதையை ஏற்கவில்லை. பிரையர் பிறந்தது 1664இல். சிறுவனாகவே லண்டன் போய், வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் படித்து, 1683இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். ஸ்டோனின் நூல்கள் விம்போர்னுக்கு வந்ததே அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். பிரையர் தூங்கியிருக்க வேண்டிய நாள்களில் அந்த அறையில் தூங்குவதற்கு நூலகமே இல்லை.

ஆனால் கதையைத் தள்ளிவிட்டு நூலை விட்டுவிடக் கூடாது. அந்த ஓட்டையை யாரோ அடைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தாளிலும் சின்னஞ்சிறு காகிதத் துண்டை ஒட்டி, காணாமல்போன எழுத்துகளைக் கையால் எழுதி நிரப்பியிருக்கிறார்கள். 104 பக்கம் என்றால் ஐம்பத்திரண்டு தாள். ஒவ்வொன்றிலும் இரு புறமும் விடுபட்ட சொற்கள் என்ன என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். அதற்குச் சேதமில்லாத இன்னொரு பிரதியை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வாக்கியத்தின் போக்கிலிருந்து ஊகிக்கும் அளவுக்கு நூலைப் புரிந்துகொண்டு படிக்க வேண்டும். தூங்கிப்போன கவிஞரைவிட இந்தக் கைகளைத்தான் ஊர் கொண்டாடியிருக்க வேண்டும்.

கிரான்தமும் ரைகேட்டும்

விம்போர்னை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது சரியாக இருக்காது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே லிங்கன்ஷயர் பகுதியில் பிரான்சிஸ் டிரிக் என்ற குரு இதே வேலையைச் செய்திருந்தார். அவர் வெல்போர்ன் என்ற கிராமத்துக் குரு. ஆனால் 1598இல் அவர் தம் கொடையைத் தம் கிராமத்துக்குக் கொடுக்கவில்லை. சந்தை கூடும் கிரான்தம் நகரத்தின் புனித உல்ஃப்ரம் ஆலயத்துக்குக் கொடுத்தார். சுமார் நூறு பவுண்டு மதிப்புள்ள நூல்கள். தெற்கு வாசல் மண்டபத்தின் மேலிருக்கும் அறையை நகர நிர்வாகம் ஒழுங்குசெய்து தந்தது. குருக்களும் சுற்றுவட்டாரத்து மக்களும் படிக்கலாம் என்று உடன்படிக்கையில் எழுதப்பட்டது. மேற்பார்வைப் பொறுப்பு நகரத் தலைவருக்கும், இரு குருவானவர்களுக்கும், பள்ளித் தலைமையாசிரியருக்கும் தரப்பட்டது.

டிரிக் தம் கிராமத்தைத் தாண்டிப் போனதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தமக்குப் பின் வரும் குரு ஒருவரை மட்டும் நம்பியிருந்தால், அவர் அசட்டையானவராக இருக்கும் நாளில் நூலகம் முடிந்துபோகும். நகரத் தலைவர் மறந்தால் ஆசிரியர் நினைவூட்டுவார்; ஆசிரியர் மறந்தால் குரு கேட்பார். பொதுமேய்ச்சல் நிலங்களைப் பணக்காரர்கள் வேலி போட்டு அடைப்பதை எதிர்த்து 1604இல் எழுதியவரும் இதே டிரிக்தான். பொதுச்சொத்து எப்படிக் கைமாறிப்போகும் என்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அவர் கொடுத்த நூலகத்தில் இன்றும் சுமார் முந்நூற்றைம்பது நூல்கள் இருக்கின்றன. எண்பதுக்கு மேற்பட்டவற்றில் சங்கிலியும் இருக்கிறது.

சர்ரேயில் உள்ள ரைகேட் நகரில் நடந்தது வேறு மாதிரி. 1701இல் அங்கே குருவாக இருந்த ஆண்ட்ரூ கிரான்ஸ்டன் வெஸ்ட்ரிக்கு மேல் ஒரு நூலகம் தொடங்கினார். இங்கே சங்கிலியே இல்லை. நூல்களை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இங்கிலாந்தின் முதல் பொது இரவல் நூலகம் என்று இதைச் சொல்வதுண்டு. கிரான்ஸ்டன் தம் நூல்களை மட்டும் வைத்து நிறுத்திக்கொள்ளாமல் ஊரில் இருந்தவர்களிடமும் கேட்டு வாங்கினார். பிறகு நிர்வாகத்தை அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார். 1708இல் அவர் இறந்த பின்னும் நூலகம் நின்றது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொகுதிகளோடு அதே அறையில் இன்றும் இருக்கிறது.

சங்கிலி போட்ட நூலகமும் தப்பியது, இரவல் கொடுத்த நூலகமும் தப்பியது. தப்பியதற்குச் சங்கிலி காரணம் என்றால் ரைகேட் எப்போதோ காலியாகியிருக்க வேண்டும். மூன்று ஊர்களிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: பொறுப்பு தனி மனிதர் ஒருவரின் தலையில் விடப்படவில்லை.

சட்டம் பார்த்த ஆபத்து

1708இன் நாடாளுமன்றச் சட்டம் பங்கு நூலகங்களைப் பாதுகாப்பதற்கென்றே இயற்றப்பட்டது. அதற்குப் பின்னணியில் இருந்தவர் தாமஸ் பிரே என்ற குரு. 1698இல் கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கத்தைத் தொடங்கியவர் இவர். தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் அனுப்பி உதவிய அந்தச் சங்கத்தைத் தமிழ் அச்சு வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். பல இடங்களில் குருக்களின் வருமானம் மிகக் குறைவு, படிப்புக்குத் தேவையான நூல்களை அவர்களால் வாங்க இயலாது என்று சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது.

சட்டத்தின் விதிகளைப் படித்தால், நூல்கள் எந்த வழியாகக் காணாமல்போயின என்பது தலைகீழாகத் தெரிகிறது. புதிதாக வரும் குரு ஆறு மாதத்துக்குள் நூற்பட்டியல் தயாரித்துக் கொடுக்க வேண்டும். குரு இறந்தால் ஆலயக் காப்பாளர்கள் உடனே நூலகத்தைப் பூட்டிவிட வேண்டும். அடுத்தவர் வரும்வரை திறக்கக் கூடாது. கொடையாக வந்த நூலைப் பேராயரின் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது; அனுமதியும் அதே நூலின் இன்னொரு பிரதி இருந்தால் மட்டும்தான். நூல் தொலைந்தால் தேடுவதற்கு நீதிபதியின் ஆணை பெறலாம். எடுத்தவர் மும்மடங்கு ஈடு கொடுக்க வேண்டும்.

இவற்றில் பூட்டும் விதிதான் என்னை மிகவும் தொட்டது. பெரிய கொள்ளைக்காரர்களைப் பற்றிய அச்சம் அதில் இல்லை. இறந்தவரின் சொந்த நூலும் பங்கின் நூலும் ஒரே தட்டில் கலந்து கிடக்கும் அந்த ஒரு வாரத்தைப் பற்றிய கவலை அது. துக்க வீட்டில் யாரும் திருட நினைப்பதில்லை. வண்டியில் ஏற்றும்போது எது யாருடையது என்று கேட்க ஆள் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

அதே சட்டம் ரைகேட்டைப் பெயர் சொல்லித் தனியாகக் குறிப்பிட்டு, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தது. நாட்டுக்கே பொதுவான ஒரு சட்டத்தில் ஓர் ஊரின் நூலகத்துக்கு ஒரு பிரிவு! கிரான்ஸ்டனின் அறங்காவலர்கள் எவ்வளவு விழிப்பாக இருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கலைந்தவையும் இடம் மாறியவையும்

சட்டம் இருந்தும் நூலகங்கள் அழிந்தன. ஈரம், எலி, பூச்சி, ஒழுகும் கூரை ஆகியவற்றுக்குச் சட்டம் தெரியாது. பணம் இருந்தும் பயன் இல்லாமல்போன இடமும் உண்டு. நியூகாசிலில் ராபர்ட் தாம்லின்சன் என்ற குரு 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல ஆயிரம் நூல்களைப் புனித நிக்கோலஸ் ஆலயத்துக்குக் கொடுத்தார். சர் வால்டர் பிளாக்கெட் தனிக் கட்டடமே எழுப்பி, நூலகருக்கு ஆண்டுக்கு 25 பவுண்டும் ஒதுக்கினார். சம்பளம் நிலைத்தது, கவனிப்பு நிலைக்கவில்லை. நூல்கள் பாழடையத் தொடங்கி, 1880களில் நகரப் பொது நூலகத்துக்கு மாறிய பிறகே மீண்டன.

விம்போர்னும் தளராமல் இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆலயத்தைப் புதுப்பித்தபோது நூலக அறையையும் சீர்செய்ய வேண்டியிருந்தது. அலமாரிகள் புதிதாக அமைக்கப்பட்டன. நூல்கள் மறுபடி ஒழுங்காயின.

1959இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் பங்கு நூலகங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1964இல் வந்த திருச்சபைச் சட்டம், திருச்சபை நீதிமன்றத்தின் அனுமதி பெற்று இந்த நூல்களை விற்க வழி திறந்துவிட்டது. கூரை ஒழுகும் ஆலயத்தில் பூஞ்சை படிந்து நிற்கும் நூல்களுக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும் என்றால், பங்கு மக்களை நான் குறை சொல்லத் தயாராக இல்லை. வழிபடக் கூரை வேண்டும். ஆனால் விற்பதும் ஒப்படைப்பதும் ஒன்றில்லை. கென்ட் பகுதியின் எல்ஹாம் பங்கு நூலகம் கேன்டர்பரி பேராலய நூலகத்துக்குச் சென்றது. ஹாலிபாக்ஸ் பங்கு நூலகம் யார்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. இடம் மாறினாலும் தொகுப்பு தொகுப்பாகவே இருக்கிறது.

ஏலத்தில் பிரிந்த நூல் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு நல்ல அலமாரியில் இருக்கத்தான் செய்யும். ஆதித் திருச்சபைத் தந்தையருள் ஒருவரான அகஸ்டினின் ஒரு பதிப்பு உலகில் பல நூலகங்களில் கிடைக்கும். ஆனால் ஒரு நாட்டுப்புறக் குரு அகஸ்டினுக்குப் பக்கத்தில் எதை வைத்திருந்தார், எதை வாங்கவே இல்லை, எதன் ஓரத்தில் கோடு போட்டார் என்பது அந்த ஒரே தட்டில் மட்டும்தான் எழுதியிருந்தது. தட்டு கலைந்தால் அதைத் திரும்ப எழுத முடியாது.

விம்போர்னின் மேலறை இப்போது தன்னார்வலர்களின் பொறுப்பில் இருக்கிறது. ஆண்டின் சில மாதங்களில், குறிப்பிட்ட நாள்களில், யார் வேண்டுமானாலும் படியேறிப் பார்க்கலாம். கடைக்காரராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.